ஜியோமெட்ரி பாக்ஸை எடுங்க பாஸ்!

பத்தாவது முடிச்ச கையோட பரண் மேல தூக்கிப் போட்டீங்களே ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ்... அதைக் கீழே இறக்குங்க. முதுகுக்குள்ள ஒரு கோணம் அளக்கணும்!

கீழ் முதுகுல கை வைங்க. உள்ளே அஞ்சு எலும்புகள், எல்-1-ல இருந்து எல்-5 வரை. ஒவ்வொரு அடுக்குக்கும் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் இடது, வலதுன்னு ரெண்டு குட்டி மூட்டு. பேரு ஃபேசட் ஜாயின்ட். மேல் எலும்பு முன்னாடி வழுக்காம பிரேக் போடுறது இதோட முக்கிய வேலை.

பிரேக் பிடிக்குமாங்கிறது கோணத்தைப் பொறுத்தது. ரோட்டுக்குக் குறுக்கே நிக்கிற ஆள் பஸ்ஸை மறிக்கலாம். ஓரமா நிக்கிறவர் டாட்டாதான் காட்டணும்! கீழே போகப் போக இந்த மூட்டுகள் குறுக்கா திரும்பிக்கிட்டே போகும். எல்-4, எல்-5 நடுவுல போதுமான அளவு திரும்பாதவங்களுக்கு, வயசான காலத்துல எலும்பு நகர்றது அதிகமா தென்படுது. அதுவும் பெண்களுக்கு.

எங்க பெரியம்மாவுக்கு அதே இடத்துலதான் நகர்ந்திருக்கு. விடுவேனா? சி.டி. ஃபிலிமை ஜன்னல்ல ஒட்டி, மேல ஓ.ஹெச்.பி. ஷீட் வெச்சேன். சி.டி. முதுகை பிரெட் ஸ்லைஸ் மாதிரி குறுக்கா வெட்டிக் காட்டும். எலும்புக்கு ஒரு நடுக்கோடு, மூட்டோட முன் நுனியையும் பின் நுனியையும் சேர்த்து இன்னொரு கோடு. நடுவுல இருக்கிறதுதான் கோணம். இடது 34 டிகிரி, வலது 41.

ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லைன்னா அதுக்கு ‘ட்ராபிசம்’னு பேரு. டிஸ்க் கெடுறதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1967-லேயே ஃபார்ஃபனும் சல்லிவனும் எழுதிட்டாங்க. முதல் நோயாளியை சி.டி. படம் பிடிச்சதே 1971-லதான்! அப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல சிலது ஆமாங்குது, சிலது இல்லைங்குது.

ஏன் இந்தக் குழப்பம்? மறுநாள் காலையில எனக்கே புரிஞ்சது. அதே ஃபிலிம், புது ஷீட். இடது 38, வலது 39!

வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டினாலே ட்ராபிசம்னு சிலர் கணக்கு வைக்கிறாங்க, சிலர் 10 வரை போறாங்க. 5-ன்னு வெச்சா, ராத்திரி பெரியம்மாவுக்கு ட்ராபிசம். காலையில போயே போச்சு! மாறினது முதுகு இல்லீங்க, என் பென்சில். மூட்டு நேர்கோடா இல்ல, வளைஞ்சிருக்கு. தேய்ஞ்ச மூட்டுல ஓரமெல்லாம் எலும்பு முளைச்சிருக்கு. நுனி எதுன்னு நான்தானே முடிவு பண்றேன்? ஸ்லைஸ் டிஸ்க்குக்கு இணையா இல்லாம சாய்வா வெட்டியிருந்தாலும் கோணம் மாறிடும். இதைவிடப் பெரிய சிக்கல், கோணத்தால எலும்பு நகர்ந்ததா, இல்ல தேய்மானத்தால கோணமே மாறிடுச்சான்னு ஒரு ஃபிலிமை வெச்சு சொல்லவே முடியாது.

அதனாலதான் ஆராய்ச்சிகள்ல ரெண்டு பேர் தனித்தனியா, ரெண்டு ரெண்டு தடவை அளந்து, ஒத்துப்போகுதான்னு பார்க்கிறாங்க.

எல்லாத்தையும் பொறுமையா கேட்ட பெரியம்மா, “அது கிடக்கட்டும்டா, என் வலி எத்தனை டிகிரி?”ன்னாங்க. அதுக்குக் கோடு போட எனக்குத் தெரியலை.

ஃபிலிம் இப்போ ரூம்மேட் கையில. என் நம்பரை அவன்கிட்ட சொல்லலை.