மடங்கிய விரலும் முன்கைத் தசையும்

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிற் கிரிக்கெற் விளையாடும் சிறுவன் ஒருவனின் முன்கையைப் பந்து பலமாகத் தாக்கிற்று என வைத்துக்கொள்வோம். அன்றேல், கொட்டாஞ்சேனையில் லொறியிலிருந்து பொருள் இறக்கும் தொழிலாளி ஒருவரின் கைமீது பெட்டியொன்று சரிந்து வீழ்ந்தது எனக் கொள்வோம். தோல் கிழியவில்லை, எலும்பும் முறியவில்லை. கன்றிய நிறம் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றது. ஆயினும் ஒன்றிரண்டு மாதங்கள் சென்றபின், மோதிரவிரலும் சுண்டுவிரலும் முற்றாக நிமிர மறுக்கின்றன. வீட்டார் அவ்விரல்களுக்கு எண்ணெய் தேய்த்து இழுத்து நிமிர்த்த முயல்கின்றனர். கோளாறு விரலில் இல்லை என்பதை அவர் அறியார்.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் முன்கையின் உட்புறத்தே, முழங்கைக்கு அண்மையிலேயே தொடங்குகின்றன. அவற்றினின்றும் நீளும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று கயிற்றை இழுக்கப் பொம்மை தலையசைப்பது போன்றதே இவ்வமைப்பு. விரலை மடக்கி நிமிர்த்துந்தோறும் தசையும் நாணும் தத்தம் உறைகளுள்ளே சில சென்ரிமீற்றர் தூரம் வழுக்கிச் சென்று மீளவேண்டும். இவ்வழுக்குதல் தடைப்படின் விரல் தடைப்படும்.

மழுங்கிய அடி தசையை நசுக்கும்பொழுது உள்ளே குருதி கசிந்து உறைகின்றது. உடல் அதனை அகற்றும் வேலையோடு, சிதைந்த இடத்தை நார்த்திசுவினால் நிரப்பும் வேலையையுஞ் செய்கின்றது. அந்நார், தசையை அயலிலுள்ள உறையோடும் சில வேளை அரந்தி எலும்போடும் ஒட்டிவிடும். நோவுக்கு அஞ்சிக் கையை மடக்கியபடியே பல நாள் வைத்திருப்பின், தசை குறுகிய நிலையிலேயே ஒட்டுதல் எளிதாகும். முன்கை எலும்பு முறிந்த சிறுவரிடத்தும், முறிந்த இடத்தில் தசை சிக்கி இதே நிலை தோன்றுவதுண்டு.

இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி யாதும் வேண்டுவதில்லை. மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக வளைத்தால், நாண் செல்லும் வழி குறுகுவதால், மடங்கிய விரல்கள் எளிதில் நிமிரும். மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்தவுடன் அவை மீண்டும் மடங்கிவிடும். மூட்டே இறுகியிருந்தால், அல்லது தூப்பியித்திரன் என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயர்பெற்ற நோயில் நிகழ்வதுபோல உள்ளங்கை உறை தடித்திருந்தால், மணிக்கட்டு எந்நிலையில் இருப்பினும் விரல் அசையாது மடங்கியே நிற்கும்.

ஒரு விரல் பற்றப்பட அயல் விரல்களும் ஏன் மடங்கவேண்டும்? வாசகர் தம் கையை மேசைமேல் மல்லாத்தி, மோதிரவிரல் ஒழிந்த ஏனைய விரல்களை நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோதிரவிரலின் நுனிக்கணுவை மட்டும் மடக்க முயன்று பார்க்க. அது பெரும்பாலும் இயலாது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் ஆழ்ந்த மடக்கித் தசை பொதுவான ஒரே திரளாய் இருத்தலே காரணம். சுவிற்சலாந்து அறுவை வைத்தியர் வேர்டான் 1960இல் இப்பிணைப்பின் விளைவுக்கு உரோமரின் நான்கு குதிரைத் தேரின் பெயரைச் சூட்டினார். ஒரு குதிரையின் கடிவாளம் சிக்கினால் மற்றவையும் தளைப்படும் என்பது அவர் கருத்து.

இவ்வொட்டினும் கொடிய பிறிதொன்றுண்டு. மணிக்கட்டுச் சோதனை இரண்டிலும் ஒன்றுபோலவே அமைவதால் மயக்கம் நேரலாம். 1881இல் யேர்மானிய வைத்தியர் இரிச்சாட் வொன் வொல்க்மன் விளக்கிய சுருக்கமே அது. (குழந்தைகளுக்குக் கதை எழுதியவரும் இவரே, அவற்றை லேயாண்டர் என்னும் புனைபெயரில் வெளியிட்டார்.) இறுகிய கட்டினாலோ உள்வீக்கத்தினாலோ தசைக்குக் குருதி செல்லாதுபோக, தசை மடிந்து நாராகின்றது. உணர்வு நரம்புகளும் அடிக்கடி கெடும். வெறும் ஒட்டில் உணர்வு பெரும்பாலும் குன்றாது; தசையும் உயிரோடிருக்கும். அடிபட்ட அன்றோ, பத்தை வைத்துக் கட்டியபின்னரோ, அடிக்கு ஒவ்வாத கடும் நோவு பெருகி, விரலைப் பிறர் நிமிர்த்தும்பொழுது தாங்கொணாததாயின் கட்டை உடனே அவிழ்த்து வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. குருதியற்ற தசை சில மணி நேரத்துள்ளேயே மீளாக் கேட்டினை அடையும். நாடி துடிக்கின்றதே என்று அமைதியடைவதும் தவறு; நாடி துடித்துக்கொண்டிருக்கவே தசை மடிதல் கூடும்.

வெறும் ஒட்டுக்கு அத்துணை விரைவு வேண்டா. புதுக் காயத்தை உருவித் தேய்த்தல் மட்டும் கூடாது. நசுங்கிய தசையினுள்ளே எலும்பு படிதற்கும் அது இடமளிக்கும். பின்னர், விரலையும் மணிக்கட்டையும் ஒருங்கே நிமிர்த்தும் பயிற்சியும் படிப்படியாக மாற்றும் தாங்குகட்டும் உதவும். 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளர் கைகளைச் சீர்செய்த போல் பிராண்ட், இறுகிய விரலை வலிந்து இழுக்காது, பாரிசுச் சாந்துக் கட்டினை அடுத்தடுத்து மாற்றிச் சிறுகச் சிறுக நிமிர்த்தினார். அவர் கையாண்ட நோய் வேறு. பொறுமை இங்கும் பொருந்தும்.

பல மாதப் பயிற்சியும் பயனளியாவிடின் அறுவையால் ஒட்டினை விடுவிக்கலாம். தசை நன்னிலையில் இருப்பின், விரல்கள் பெரும்பாலும் பழைய அசைவை எய்தும். இக்காலத்தில் சில இடங்களில் முன்கையை மட்டும் மரத்துப்போகச் செய்து இதனைச் செய்கின்றனர். நோயாளி விழித்திருந்து, கேட்கும்பொழுதெல்லாம் விரலை மடக்கி நிமிர்த்துகின்றார். எஞ்சிய ஒட்டு எங்கேயென அறுவை வைத்தியர் அவ்வசைவைக் கண்டே அறிகின்றார்.