டி.வி-யில் ஓடாத படம்... தலைகீழாக மாறிய தேர்தல் சட்டம்!

2008 ஜனவரி. அமெரிக்க அதிபர் தேர்தல் களம் சூடுபிடித்திருந்த நேரம். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராவதற்கான போட்டியில் ஹிலாரி கிளின்டன் முன்வரிசையில் இருந்தார். அப்போது அவரைக் கடுமையாகச் சாடும் 90 நிமிட ஆவணப்படம் ஒன்று வெளியானது. பெயர், 'ஹிலாரி: தி மூவி'. சில தியேட்டர்களில் ஓடியது, டி.வி.டி-யாகவும் விற்றது. வசூலில் பெரிய சாதனை எதுவும் இல்லை.

ஆனால், அந்தப் படத்தால் எழுந்த வழக்கு அமெரிக்கத் தேர்தலில் பணம் பாயும் முறையையே மாற்றிவிட்டது. படத்தின் பின்னணியில் இருந்தவர், டேவிட் பாஸி.

தீயணைப்பு நிலையத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு...

1965-ல் பாஸ்டனில் பிறந்தவர் பாஸி. ரொனால்டு ரீகனின் தீவிர ரசிகர். மேரிலாந்து மாகாணத்தின் பர்டன்ஸ்வில் என்ற ஊரில் பல ஆண்டுகள் தன்னார்வத் தீயணைப்பு வீரராகவும் இருந்தார். பாஸியின் அரசியல் வாழ்க்கையை வடிவமைத்தது, 1988-ல் ஃபிளாய்ட் பிரவுன் என்பவர் தொடங்கிய 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' என்ற வலதுசாரி அமைப்பு.

1990-களில் பாஸியின் முழு நேர வேலை, பில் கிளின்டன் தம்பதியைப் பற்றித் தகவல் திரட்டுவது. பழைய ஆவணங்களைத் தோண்டுவது, ஆட்களைத் தேடிப் பேசுவது, கிடைத்ததைப் பத்திரிகையாளர்களிடம் கொண்டுசேர்ப்பது... இதில் அவர் கில்லாடி. இந்தத் திறமையே அவரை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனது. 1997-ல், கிளின்டன் தரப்பின் தேர்தல் நிதி குறித்து விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழுவில் தலைமைப் புலனாய்வாளர் ஆனார்.

அடுத்த ஆண்டே சறுக்கல். கிளின்டனின் நண்பர் வெப்ஸ்டர் ஹப்பெல் சிறையிலிருந்து பேசிய தொலைபேசி உரையாடல்களை அந்தக் குழு வெளியிட்டது. ஹிலாரிக்குச் சாதகமான பகுதிகள் அதில் விடுபட்டிருந்தது தெரியவந்ததும் பெரும் சர்ச்சை வெடித்தது. சொந்தக் கட்சியின் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சே அதிருப்தி அடைய, 1998 மே மாதம் பாஸி பதவி விலகினார்.

பலருக்கு அரசியல் வாழ்க்கை அத்துடன் முடிந்திருக்கும். பாஸி, சிட்டிசன்ஸ் யுனைடெட் அமைப்பின் தலைவராகத் திரும்பிவந்தார்.

எதிரியிடம் கற்ற பாடம்

2004-ல் மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' வெளியானது. அதிபர் ஜார்ஜ் புஷ்ஷை வறுத்தெடுத்த அந்த ஆவணப்படம், கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்றது. அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூல்.

'புஷ்ஷின் முகத்தைக் காட்டும் இந்தப் பட விளம்பரங்களே தேர்தல் பிரசாரம்தான்' என்று தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது பாஸியின் அமைப்பு. ஆணையம் அதை ஏற்கவில்லை. சரி, நாமும் படம் எடுப்போம் என்று இறங்கினார் பாஸி. 'செல்சியஸ் 41.11' என்ற பதிலடிப் படம் அதே ஆண்டு வந்தது. மூளை சாகத் தொடங்கும் வெப்பநிலை அது என்று தலைப்பிலேயே கிண்டல். ஆனால், தேர்தல் நெருங்கும் வேளையில் தங்கள் படத்தை டி.வி-யில் விளம்பரப்படுத்த அந்த அமைப்பு கேட்டபோது, ஆணையம் அனுமதிக்கவில்லை. 'நீங்கள் வழக்கமாகப் படம் எடுப்பவர்கள் இல்லையே' என்பதுதான் அதன் வாதத்தின் சாரம்.

அப்படியானால், வழக்கமாகப் படம் எடுப்பவராகவே ஆகிவிடுவது என்று முடிவெடுத்தார் பாஸி. எல்லைப் பிரச்னை, மதம், ரீகனின் வாழ்க்கை என வரிசையாக ஆவணப்படங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றைத் தொகுத்து வழங்கியவர் யார் தெரியுமா? அதே நியூட் கிங்ரிச்!

அந்த வரிசையில் வந்ததுதான் 'ஹிலாரி: தி மூவி'.

ஒன்பது நீதிபதிகள், ஒரு கேள்வி

கேபிள் டி.வி-யில் விரும்பும் நேரத்தில் இலவசமாகப் பார்க்கும் வசதியில் இந்தப் படத்தைக் கொடுக்க 12 லட்சம் டாலர் கட்டணம் பேசப்பட்டது. 10 விநாடி விளம்பரங்கள் இரண்டும், 30 விநாடி விளம்பரம் ஒன்றும் தயாராக இருந்தன. குறுக்கே நின்றது 2002-ம் ஆண்டுச் சட்டம். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு 30 நாள்கள், பொதுத்தேர்தலுக்கு 60 நாள்கள் முன்பிருந்து, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தங்கள் பணத்தில் வேட்பாளரைக் குறிப்பிட்டு டி.வி-யில் ஒளிபரப்பக் கூடாது என்றது அது.

பாஸியின் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. கீழ் நீதிமன்றம் தடையை நீக்க மறுத்தது. அதற்குள் ஹிலாரியும் ஒபாமாவிடம் தோற்றுப் போட்டியிலிருந்து விலகிவிட்டார். வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

2009 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை. 'இதே விஷயம் ஒரு புத்தகமாக வந்தால் அதையும் தடுக்க முடியுமா?' என்ற கேள்வியை நீதிபதிகள் எழுப்பினார்கள். நிறுவனப் பணத்தில் வெளியிட்டால் சட்டப்படி தடுக்கலாம் என்ற பொருளில் பதில் சொன்னார் அரசு வழக்கறிஞர். வழக்கின் போக்கே மாறியது. ஒரு படத்தைப் பற்றிய சிறிய வழக்கு, பேச்சுரிமை பற்றிய பெரிய வழக்காக வளர்ந்து, செப்டம்பரில் மறுபடியும் விசாரிக்கப்பட்டது.

2010 ஜனவரி 21. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பாஸி தரப்பு வென்றது. தேர்தலில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சுயேச்சையாகச் செய்யும் பிரசாரச் செலவைத் தடுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்றது தீர்ப்பு. வேட்பாளருக்கு நிறுவனங்கள் நேரடியாகப் பணம் கொடுக்க இருந்த தடை மட்டும் நீடித்தது. நிறுவனங்களும் குடிமக்களும் ஒன்றல்ல என்று நீண்ட எதிர்ப்புத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ்.

யாருக்கு வெற்றி?

சில நாள்களில் நாடாளுமன்ற உரையிலேயே அதிபர் ஒபாமா இந்தத் தீர்ப்பைக் கண்டித்தார். எதிரில் அமர்ந்திருந்த நீதிபதி அலிட்டோ தலையை ஆட்டி மறுத்தது கேமராவில் பதிவானது. இரண்டு மாதங்களில் இன்னொரு நீதிமன்றம் இந்தத் தீர்ப்பின் அடிப்படையில் மேலும் ஒரு கதவைத் திறந்துவிட்டது. 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்கள் பிறந்தன. வேட்பாளரோடு கலந்து திட்டமிடாதவரை, இவை எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

கோடீஸ்வரர்களின் குரல் சாமானியனின் குரலை அமுக்கிவிடும் என்பது எதிர்ப்பவர்களின் கவலை. அதிபரை விமர்சிக்கும் படத்தை அரசு தடுக்கலாம் என்றால் நாளை எதையும் தடுக்கலாமே என்பது ஆதரிப்பவர்களின் பதில். இந்தப் பிளவு கட்சிக்கோட்டின்படி மட்டும் அமையவில்லை. பாஸியின் அமைப்பு படம் எடுத்துத் திட்டிய சிவில் உரிமைச் சங்கமான 'ஏ.சி.எல்.யூ', இந்த வழக்கில் பாஸியின் பக்கமே நின்றது.

2016-ல் கதை ஒரு சுற்று வந்தது. மீண்டும் தேர்தல் களத்தில் ஹிலாரி. தான் அதிபரானால், அந்தத் தீர்ப்பை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவருவதாக வாக்குறுதி கொடுத்தார். எதிரணியில் டொனால்டு டிரம்ப். செப்டம்பரில் டிரம்ப்பின் துணைப் பிரசார மேலாளராக நியமிக்கப்பட்டார் பாஸி. நவம்பரில் ஹிலாரி தோற்றார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக கிளின்டன் தம்பதியைத் துரத்திய ஒரு மனிதர், அதற்காக எடுத்த படம் அது. சொன்ன நேரத்தில் கேபிளில் வரவே இல்லை. ஹிலாரியின் 2008 தோல்விக்கும் அது காரணமில்லை. ஆனால், அந்தப் படத்தைப் பார்க்காத கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் வீட்டு டி.வி-யில், ஒவ்வொரு தேர்தலிலும் விளம்பரங்கள் கொட்டுகின்றன. வேட்பாளரும் தராத, கட்சியும் தராத விளம்பரங்கள். பின்னால் இருப்பது யாருடைய பணம் என்று பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. பாஸியின் வழக்கு திறந்துவிட்ட கதவு அது.