பயிற்சி மையங்கள் தராத கணிதம்: கோடை முகாமுக்கு வழி தெரியாத மாணவர்கள்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் அணுசக்தித் துறையின் மானியக் கோரிக்கை என்றதும் உறுப்பினர்களின் நினைவுக்கு வருபவை தாராப்பூர், கல்பாக்கம், கூடங்குளம் ஆகியவைதாம். பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ள அதே துறையின் ஆதரவில், பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கோடைக்காலக் கணித முகாம் ஒன்றும் நடைபெறுவதைப் பலர் அறிவதில்லை.

சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டிக்கு ஆறு பேர் கொண்ட இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி முகாம் இது. மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதனை ஏப்ரல், மே மாதங்களில் நடத்துகிறது. 1983-இல் அமைக்கப்பட்ட தேசிய உயர் கணித வாரியமும் துணை நிற்கிறது. 1945-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கிய ஹோமி பாபா, இயற்பியலுக்கு இணையாகக் கணிதத்தையும் அங்கே வளர்த்தார். கணிதத்துக்கும் அணுசக்தித் துறைக்கும் உள்ள உறவு அப்படி ஏற்பட்டதே.

விடையன்று, நிரூபணம்

முகாமில் நுண்கணிதம் இல்லை. எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், சேர்வியல் ஆகிய நான்கே பிரிவுகள். ஆனால், விடை மட்டும் போதாது. அது ஏன் சரி என்று நிரூபிக்க வேண்டும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று: எந்த ஆறு பேர் கூடினாலும், ஒருவருக்கொருவர் அறிமுகமான மூவரோ, ஒருவரையொருவர் அறியாத மூவரோ அவர்களுள் கட்டாயம் இருப்பர். இதை நிரூபிக்கச் சூத்திரம் எதுவும் தேவையில்லை. ஒருவரைத் தனியே நிறுத்தினால், எஞ்சிய ஐவரில் குறைந்தது மூவர் அவருக்கு அறிமுகமானவராகவோ, அறிமுகமற்றவராகவோ இருந்தே தீர வேண்டும். அந்த மூவரைப் பற்றிச் சிந்தித்தால் நிரூபணம் முடிந்துவிடும். சர்வதேசப் போட்டியிலோ ஆறு கணக்குகள். இரண்டு நாள்களில் நாளொன்றுக்கு நாலரை மணி நேரம். ஒரு கணக்குக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்பதே அதன் கடினத்தைச் சொல்லும். நிமிடக் கணக்கில் விடையைக் குறிக்கப் பழக்கும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு இது நேர் எதிரானது.

1989 முதல் இந்தியா இப்போட்டியில் பங்கேற்று வருகிறது. 1996-இல் மும்பையிலேயே போட்டி நடைபெற்றது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நான்கு தங்கம், ஒரு வெள்ளியுடன் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அதுவரை கண்டிராத உயர்வு அது. 2025-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று தங்கம் கிடைத்தது.

குறுகிய வாசல்

இம்முகாமில் தங்குவதற்கும் உணவுக்கும் மாணவர்கள் செலவிட வேண்டியதில்லை. எனினும் அங்கு சென்றடைவது எளிதன்று. முதலில் தகுதித் தேர்வு, அடுத்து மண்டலத் தேர்வு, ஜனவரியில் தேசியத் தேர்வு என மூன்று கட்டங்களைக் கடக்க வேண்டும். முதல் தேர்வை எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். ஆயினும் அப்படியொரு தேர்வு இருப்பதைச் சொல்ல ஓர் ஆசிரியரேனும் இல்லாத பள்ளிகளில், திறமை இருந்தும் பயனில்லை.

இதை உணர்ந்தே, கிராமப்புற மாணவர்கள் பயிலும் நவோதய வித்யாலயங்களும் கேந்திரிய வித்யாலயங்களும் மண்டலத் தேர்வில் தனிப் பிரிவுகளாகக் கருதப்படுகின்றன. மாணவியருக்கென நடைபெறும் ஐரோப்பிய ஒலிம்பியாடில் 2015 முதல் இந்திய அணி பங்கேற்கிறது. அதற்கும் தனிப் பயிற்சி முகாம் உண்டு. ஆனால், மாநில அரசுப் பள்ளிகளுக்கு அத்தகைய தனிப் பிரிவு இல்லை. நாட்டின் பெரும்பாலான ஏழை மாணவர்கள் பயில்வது அங்கேதான்.

இன்னொரு தடை, காலம். முகாம் நடைபெறும் வாரங்களை ஒட்டியே ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுகளும் வருகின்றன. எதைக் கைவிடுவது என்ற தவிப்பு பிளஸ் 2 மாணவர்களின் பெற்றோருக்கு இயல்பே. இந்நிலை சற்றே மாறி வருகிறது. தேசியத் தேர்வில் தேறியவர்களைச் சென்னைக் கணிதவியல் நிறுவனம் நுழைவுத் தேர்வின்றிச் சேர்த்துக்கொள்கிறது. கான்பூர், சென்னை ஐ.ஐ.டி.க்களும் ஒலிம்பியாட் மாணவர்களுக்கு 2025-இல் தனி வழி திறந்தன.

பரிசுக்குரிய வழி அகலமாகியுள்ளது. நுழைவு வாசல் இன்னும் குறுகலாகவே உள்ளது. மாநிலக் கல்வித் துறைகள் ஒவ்வோர் ஆண்டும் முதல் தேர்வின் அறிவிப்பைத் தங்கள் பள்ளிகள் அனைத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினாலே அது ஓரளவு அகலும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடோ, புதிய சட்டமோ தேவையில்லை.