சிரிப்பு அடங்கிய பிறகு சிரிப்பவன்

கண்டி நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் இடைவேளை மணி அடித்ததும் பாருங்கள். நாலைந்து பையன்கள் வட்டமாய் நின்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். ஒருவன் கிரிக்கெட் கதை எடுப்பான், இன்னொருவன் வெட்டிப் பேசுவான், எல்லோரும் சிரிப்பார்கள். ஓரத்தில் நிற்கும் ஒருவன் மட்டும் சிரிப்பு அடங்கிய பிறகு சிரிப்பான். பகிடி அவனுக்கும் விளங்கியது. விளங்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

இவன் குழப்படி செய்வதில்லை. கதிரையை விட்டு எழும்புவதில்லை. ஹந்தானை மலையில் முகில் ஏறுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் இவனைப் பற்றி முறைப்பாடு வராது, உதவியும் வராது. 'மந்தம்' என்ற சொல் மட்டும் வரும்.

ஸ்கொட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே கவனக் கோளாறை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். நிலைக்காமல் தாவும் கவனம் ஒன்று; கவனத்தின் வலுவே குன்றிப்போவது மற்றது. முதலாவதை 'ஏடிஎச்டி' என்று இன்று ஊரறியும். இரண்டாவது, 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில்கூடத் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆய்வாளர்கள் அதை நெடுங்காலம் 'மந்தமான அறிவியக்கம்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் பிள்ளையைப் புண்படுத்துகிறது என்று 2022இல் ஓர் ஆய்வாளர் குழு 'அறிவாற்றல் விலகல்' என்று மாற்றியது. நம் வகுப்பறைகளில் பழைய சொல்தான் இன்னும் ஓடுகிறது.

துருதுருவென்று குறுக்கிடும் பிள்ளையைச் சகபாடிகள் ஒதுக்குவார்கள். இவனை ஒதுக்குவதில்லை, மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுவே கொடுமையாகப் படுகிறது. நக்கலும் அக்கறையும் குரலின் சின்ன நெளிவில்தான் பிரிகின்றன. அதைப் பிடிக்க இவனுக்கு இன்னும் ஒரு கணம் தேவை. இவனிடம் அன்பில் குறையில்லை, ஆனால் அந்த ஒரு கணத்தை யாரும் தருவதில்லை.

அந்தக் கணத்தை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் தராது. முதல் வினாத்தாளில் 40 வினாக்கள், ஒரு மணி நேரம். விடை தெரிந்த பிள்ளையும் அங்கே தோற்கலாம்.

கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து இப்படியொரு பிள்ளையோடு பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு பஸ் ஏறும் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். காது, கண், இரத்தத்தில் இரும்புச்சத்து, தைரோயிட், இரவுத் தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்தபடியே சில விநாடிகள் நினைவு விலகும் ஒருவகை வலிப்பும் உண்டு. மருந்துக்கு அடங்கக்கூடிய அந்த வலிப்பைப் பகற்கனவு என்று நினைத்து அடித்தவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பில் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லலாம். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணலாம். வட்டத்துக்குள் தள்ளிவிடாமல், பொறுமையான ஒரு கூட்டாளியைப் பக்கத்தில் இருத்தலாம். கூட்டத்தில் தொலைகிற பிள்ளை இருவர் பேச்சில் நிமிர்ந்துவிடும்.

வீடு திரும்பும் வழியிலும் அப்படித்தான். "மகன், இன்டைக்கு யாரோட சாப்பிட்டீங்க?" என்று பஸ் கெட்டம்பேயைக் கடக்கும்போது அம்மா கேட்பார். பேராதனைப் பல்கலைக்கழகம் தாண்டி, பஸ் கலஹா வீதியில் ஏறத் தொடங்கும்போது அவன் திரும்பி ஒரு பெயரைச் சொல்வான்.