பூனைக்குட்டி கடித்தால், பிறாண்டினால்

புதிய இடத்தில் கொட்டில் போட்டுக் குடியேறிய சில நாட்களுக்குள் எலியும் வந்து குடியேறிவிடுகின்றது. தனியான களஞ்சியம் இல்லாத வீட்டில் அரிசியும் விதைநெல்லும் உழுந்தும் நாம் படுக்கும் இடத்திலேயே உரப்பைகளில் அடுக்கப்பட்டிருக்கும். எலி விதைநெல்லைத் தின்பதோடு நிற்பதில்லை. அதன் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து எலிக்காய்ச்சலும் எம்மைத் தொற்றுகின்றது. ஆகவே அயலில் கேட்டு ஒரு பூனைக்குட்டியை வாங்கி வருகின்றோம்.

வந்து ஒரு கிழமை செல்லுமுன் முறைப்பாடு தொடங்கிவிடும். பிள்ளைகளின் கையெல்லாம் கீறல். இரவில் போர்வைக்குள் அசையும் காலைக் கவ்வுகின்றது. பக்கத்துக் கொட்டில் பிள்ளையையும் பிறாண்டிவிட்டால் அதுவே இரு வீட்டுக்கும் மனத்தாங்கலாகிவிடும். "இது பொல்லாத குட்டி, கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ" என்று ஆச்சி சொல்ல, சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிடுவதோடு கதை முடிகின்றது. எலி மறுபடியும் வருகின்றது. இப்படிக் கைவிடப்படும் குட்டிகளில் பெரும்பாலானவை பொல்லாதவை அல்ல. அவற்றுக்குக் கடிக்கப் பழக்கியவர்கள் பெரும்பாலும் வீட்டாரே.

பூனைக்குட்டியின் விளையாட்டு என்பது வேட்டைக்கான பயிற்சி. பதுங்குதல், பாய்தல், முன்னங்காலால் பிடித்துப் பின்னங்காலால் உதைத்தல், கழுத்தில் கடித்தல் ஆகிய யாவும் எலி பிடிப்பதற்கு வேண்டிய வித்தைகள். இவற்றைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு மல்லுக்கட்டிப் பழகுகின்றது. அளவுக்கு மிஞ்சிக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய்ப்பூனையும் தட்டிவைக்கும். எவ்வளவு கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளே இழுக்க வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது இவ்விதமே. பிறந்து எட்டுக் கிழமையாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்த குட்டிக்கு இந்தப் பாடம் ஓரளவு கிடைத்திருக்கும். நாலாம், ஐந்தாம் கிழமையிலேயே பிரித்துத் தனியே கொண்டுவரப்பட்ட குட்டிக்கு அது கிடைப்பதில்லை. எனவே குட்டி வாங்கப் போகும்போது அதன் கண்ணைப் பாருங்கள். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் கண் நீலமாகவே இருக்கும். ஆறு ஏழு கிழமையளவில்தான் அந்நிறம் மாறத் தொடங்கும். கண் இன்னும் முழு நீலமாயின், "இன்னும் இரண்டு மூன்று கிழமை தாயோடு நிற்கட்டும்" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. இடமும் தீனியும் இருந்தால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை எடுப்பது இன்னும் நல்லது. ஒன்றை ஒன்று கடித்து விளையாடும். எம் பிள்ளைகளின் கை தப்பும்.

தாய் கற்பிக்காததை நாம் கற்பிக்கலாம். முதலாவது விதி, கையும் காலும் விளையாட்டுப் பொருள் அல்ல. கைவிரலை ஆட்டிக் குட்டியைப் பாயவைப்பதும், மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கிளறுவதும் குட்டி சிறிதாய் இருக்கும்போது எல்லாருக்கும் வேடிக்கை. ஆறு மாதத்தில் பால்பற்கள் விழுந்து முப்பது பற்களும் முளைத்த பின் அதே பூனை அதே கையைக் கடிக்கும்போது அடி விழுகின்றது. அந்தப் பூனைக்கு என்ன விளங்கும்? வீட்டில் ஒருவர் கையால் விளையாட, மற்றவர் அதற்காக அடிப்பதும் கூடாது. ஐயாவும் அண்ணாவும் உட்பட எல்லாரும் ஒரே விதமாக நடந்தால்தான் குட்டி திருந்தும்.

கைக்குப் பதிலாக வேறு பொருள் கொடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உருளும் குரும்பெட்டி, காய்ந்த பனங்கொட்டை, கசக்கிய கடதாசிப் பந்து போதும். ஒரு முழத் தடியில் ஓலைக்கீற்றைக் கட்டி நிலத்தில் இழுத்தால், குட்டி எம் கையிலிருந்து எட்டத்தில் பாய்ந்து விளையாடும். நூல், றப்பர் வளையம், பொலித்தீன் துண்டு ஆகியவற்றை மட்டும் குட்டியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கொன்றுவிடும். பூனைக்கு உசார் கூடும் நேரம் விடியற்காலையும் மைம்மலும். மைம்மலில் கால் மணி நேரம் நன்றாக ஓடவிட்டு, பின்னர் தீனி கொடுத்தால், வேட்டையாடித் தின்ற திருப்தியில் குட்டி படுத்துவிடும். இரவில் கால்விரலைத் தேடி வருவது குறையும்.

குட்டி கையைக் கவ்விவிட்டால் இழுக்காதீர்கள். இழுக்கும் கை ஓடும் எலியைப் போன்றது. இன்னும் இறுகக் கடிக்கும், நகமும் ஆழமாய்க் கிழிக்கும். கையை அப்படியே ஆடாமல் வைத்திருந்தால் பிடி தளரும். பிறகு எழும்பி அப்பால் போய்விட வேண்டும். சில நிமிடங்களுக்கு யாரும் பேசவோ தூக்கவோ கூடாது. கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதைச் சில கிழமைகளில் குட்டி கண்டுகொள்ளும். அடிப்பதாலும், மூக்கில் சுண்டுவதாலும், கழுத்தில் பிடித்துத் தூக்கி உலுக்குவதாலும் அது கற்றுக்கொள்வது ஒன்றே: மனிதக் கை ஆபத்தானது. பயந்த பூனை விளையாட்டுக்குக் கடிப்பதில்லை, மெய்யாகவே கடிக்கும்.

தடவிக்கொண்டிருக்கும்போதே திடீரெனக் கடிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. திடீரென அல்ல. வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பின்னால் சாயும், முனகல் நின்றுவிடும். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் கையை எடுத்துவிட வேண்டும். நாயைப் போலப் பூனை நீண்ட நேரம் தடவுவதை விரும்புவதில்லை. இதைச் சின்னப்பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். அவர்கள் எம்மைவிட விரைவாகக் கவனித்துவிடுவார்கள். தின்னும்போதும் உறங்கும்போதும் குட்டியைத் தூக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

புதிதாய் வந்த குட்டி பயத்தாலும் கடிக்கும். பூனை ஆட்களைவிட இடத்தோடு ஒட்டும் பிராணி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, வீட்டைவிட்டு வர மறுக்கும் பூனையைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. இடம் மாறுவது என்னவென்று அறிந்த எமக்கு அக்குட்டியின் நிலையும் விளங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கொட்டிலின் ஒரு மூலையில், பக்கம் சாய்த்த கடதாசிப் பெட்டிக்குள் பழஞ்சீலை போட்டு விட்டுவிடுங்கள். அதில் ஒளிந்திருக்கட்டும். அயல் பிள்ளைகள் எல்லாரும் வந்து தூக்கிப் பார்ப்பதைத் தடுத்து, தீனி வைப்பவர் மட்டும் அருகில் சென்றால் தானாகவே வெளியே வரும்.

பிறாண்டுவது வேறு விடயம். பூனை நகத்தின் பழைய ஓட்டைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்திலுள்ள வாசனையை விட்டு "இது என் இடம்" என்று அடையாளமிடவும் பிறாண்டுகின்றது. அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். நெல் மூட்டையையோ பாயையோ கிழித்தால், அதன் பக்கத்திலேயே ஒரு பூவரசங் கட்டையை அசையாதவாறு நட்டு, தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். பூனை முழுதாக நீண்டு நிற்கக் கூடிய உயரம் வேண்டும். படுத்தெழும் இடத்துக்கு அருகில் இருந்தால் கூடிய பயன். நகத்தின் கூரிய வெண்ணுனியை மட்டும் நகவெட்டியால் வெட்டலாம். உள்ளே சிவந்து தெரியும் சதையைத் தொடக் கூடாது. எலி பிடிக்கவும் நாயிடமிருந்து மரமேறித் தப்பவும் நகம் வேண்டும் என்பதால் வெளியே திரியும் பூனைக்கு இதை அடிக்கடி செய்ய வேண்டியதில்லை.

சாதுவாயிருந்த குட்டி தொட்டவுடன் கடித்தால் நோவோ, புண்ணோ, தெள்ளுக் கடியோ இருக்கலாம். இதில் சில ஆபத்தான கைவைத்தியங்கள் உண்டு. பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது, சிறு துண்டும் கொல்லும். தெள்ளுக்கென்று தோட்டத்துப் பூச்சிநாசினியைத் தூவக் கூடாது. நாய்க்கு விற்கும் சில தெள்ளு மருந்துகளிலுள்ள பேர்மெத்திரின் பூனைக்கு நஞ்சு. பசித்த குட்டியும் கையைக் கடித்துத் தீனி பறிக்கும். நாளுக்கு மூன்று நாலு தரம் சிறிது சிறிதாக மீனோ நெத்தலியோ பிசைந்த சோறு வையுங்கள். வெங்காயம் போட்ட கறியைத் தவிருங்கள். வெங்காயம் எம் தோட்டத்துக்குச் செல்வம், பூனையின் இரத்தத்துக்கு நஞ்சு.

இனி, கடித்த இடத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் அசட்டை உயிரை எடுக்கக் கூடும். நீர்வெறுப்பு நோய் எமது நாட்டில் பெரும்பாலும் நாய்க்கடியால் வந்தாலும், பூனையாலும் வரும். விசர் பிடித்த நாயோ கீரியோ கடித்த பூனை அந்நோயைக் காவும். கிருமி உமிழ்நீரில் இருப்பதாலும் பூனை தன் பாதத்தை நக்குவதாலும் கீறலையும் சும்மா விடக் கூடாது. அறிகுறி தொடங்கிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கு முன் ஊசி போட்டால் தடுக்கலாம். காயத்தை உடனே சவர்க்காரம் போட்டு, ஊற்றும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். பிறகு அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்புத் தடுப்பூசி அங்கே இலவசம். ஏற்புத் தடுப்பூசி வேண்டுமா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். பூனைப்பல் ஊசிபோல் மெல்லியது. வெளியே சிறு துளை, உள்ளே ஆழம். கை ஒரு நாளுக்குள் வீங்கிச் சிவந்து வலித்தால் உடனே திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கடித்த பூனையை அடித்துக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம். கூடையிலோ கூட்டிலோ அடைத்துத் தீனி வைத்து இரண்டு கிழமை பார்க்க வேண்டும். அதற்காக ஆள் ஊசிக்குப் போவதைத் தள்ளிவைக்கக் கூடாது. காரணமின்றிப் பாய்தல், குரல் மாறுதல், வாய்நீர் வடிதல், இருட்டில் ஒளிதல், பின்னங்கால் இழுபடுதல் ஆகியவற்றைக் கண்டாலும், பூனை செத்தாலும், கையால் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பூனைக்கும் நீர்வெறுப்புத் தடுப்பூசி உண்டு. பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். முதல் ஊசி எந்த வயதில் என்பதையும், குட்டி பெருகாமல் கருத்தடை செய்வதையும் பிரதேச மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆளுக்கான ஊசி ஒரு நாளில் முடிவதில்லை. குறித்த நாட்களில் பல தடவை போட வேண்டும். இடையில் வேறு இடத்துக்குப் போக நேர்ந்தால் மிகுதியை அங்குள்ள வைத்தியசாலையில் தொடரலாம். அதற்கு முன்னைய ஊசிகளின் திகதி வேண்டும். எனவே ஊசி அட்டையை, அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் வைத்திருக்கும் அதே பைக்குள் வையுங்கள்.