கயிற்றை இழுத்தும் நிற்காத நிரல்

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு கன்வேயர் பெல்ட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. கன்வேயர் ஓரமாக நெடுக ஓர் அவசரக் கயிறு போவது சுரங்க வழக்கம். ஆபத்தென்றால் இழுக்க வேண்டியதுதான்; மோட்டாருக்கு மின்சாரம் போய்விடும். பெல்ட்டின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

அதே சுரங்கத்தில் பம்புகளும் உண்டு. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஆர்ட்டீசியன் நீர் அழுத்தத்தோடு மேலே முட்டுகிறது. அதை இரவுபகலாக இறைக்கும் பம்புகளை நினைத்தபோது நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளலாம்.

ஓடும் பைத்தான் நிரலை நிறுத்த கண்ட்ரோல்-சி அழுத்துகிறோமே, பார்வைக்கு அது கயிறு. உள்ளே நடப்பது பம்பின் கதை. அழுத்தியதும் இயங்குதளம் 2-ஆம் எண் சிக்னலை அனுப்புகிறது. நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டர் அந்தக் கணத்தில் நினைவகத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கலாம். பாதிக் கணக்கு எழுதியாயிற்று, மீதி எழுதவில்லை. அங்கே புகுந்து எதையாவது செய்தால் பேரேடே குளறுபடி. அதனால் சிக்னலை வாங்கும் சிறு செயல்கூறு ஒரு கொடியை மட்டும் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பைட்கோடு கட்டளைகளை நிறைவேற்றும் முதன்மை இழை, தோதான இடங்களில் தலைநிமிர்ந்து கொடியைப் பார்க்கும். ஏறியிருந்தால் ‘கீபோர்டு இன்டரப்ட்’ என்ற விதிவிலக்கை எழுப்பும். நிரல் திறந்த கோப்பை மூடிவிட்டு மரியாதையாக வெளியேறலாம்.

சிக்கல், சி மொழியில் எழுதிய நீட்சிகளில். பெரிய கணக்கொன்றை நீட்சியிடம் ஒப்படைத்துவிட்டால், அது திரும்பும்வரை கொடியைப் பார்க்க ஆளில்லை. பத்து முறை அழுத்தினாலும் அதே கொடிதான். நாம் விசைப்பலகையைத் திட்டுகிறோம். என் கணிப்பில் குற்றவாளி நீட்சியை எழுதியவர். நீண்ட லூப்புக்குள் சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை ‘பைஎர்_செக்சிக்னல்ஸ்’ செயல்கூற்றை அவர் அழைத்திருக்க வேண்டும். அது பூஜ்யம் அல்லாத விடை தந்தால், பிடித்த நினைவகத்தை விடுவித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் பைத்தான் கட்டளைகளை ஓட்டவிடும் ஜிஐஎல் பூட்டைக் கணக்குக்காக விட்டுக்கொடுத்திருந்தால், அழைக்குமுன் அதை மறுபடி கைப்பற்றவும் வேண்டும். இந்தக் கடைசியை மறப்பவர்கள் உண்டு.

இன்னொரு தொல்லை 2015-இல் தீர்ந்தது. அதுவரை, கோப்பைப் படிக்கக் காத்திருக்கும்போது ஏதாவது சிக்னல் வந்தால் படிப்பே பிழையாக முறியும். பைத்தான் 3.5 முதல், சிக்னலைக் கவனித்துவிட்டு, விதிவிலக்கு ஏதும் எழாவிட்டால் இன்டர்பிரெட்டரே மறுபடி படிக்கத் தொடங்குகிறது.

எதற்கும் மசியாத நிரலுக்கு 9-ஆம் எண் சிக்னல் இருக்கிறது. அதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. அதுதான் அசல் கயிறு. இழுத்தால், பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே கிடக்கும்.