பின்பக்கமும் வெயில் காயும் தகடு

மத்தியான வேளையில் லிட்டில் இந்தியா கடைவீடுகளின் அஞ்சடியில் நின்று பாருங்கள். தலைக்கு மேல் கூரை உண்டு. நேர் வெயில் படாது. ஆனாலும் கண் கூசும். எதிர்ச்சுவரிலும் சிமெண்டுத் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒளிதான் காரணம். அந்த ஒளியையும் மின்சாரமாக்கும் முயற்சிதான் இருபக்கச் சூரிய சக்தித் தகடு.

வழக்கமான தகட்டில் முன்னால் கண்ணாடி, நடுவில் சிலிக்கன் மின்கலங்கள், பின்னால் பிளாஸ்டிக் தாள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தாள் வழியே ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். தாளுக்குப் பதில் பின்னாலும் கண்ணாடி வைத்தால் ஈரத்திற்கு ஓரங்களைத் தவிர வேறு வழியில்லை. மின்கலங்கள் சம தடிப்புள்ள இரு கண்ணாடிகளுக்கு நடுவில் இருப்பதால், தகடு வளைந்தாலும் அவை எளிதில் விரிசல் விடுவதில்லை. எடை மட்டும் சற்றுக் கூடும்.

இரட்டைக் கண்ணாடி இருந்தாலே இருபக்கத் தகடு ஆகிவிடாது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்கலத்தின் முதுகை முழுதும் மூடும் உலோகப் பூச்சுக்குப் பதில் மெல்லிய கோடுகள் இருந்தால்தான் பின்பக்க ஒளி உள்ளே போகும்.

சரி, எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? முன்பக்கம் 100 பங்கு ஒளி படும்போது பின்பக்கம் 10 பங்கு படுவதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கத் திறன் முன்பக்கத்தில் 70 விழுக்காடு என்றால், கூடுதல் மின்சாரம் 7 பங்குதான். விளம்பரத்தில் வரும் 30 விழுக்காடெல்லாம் பனி மூடிய நிலத்திற்கோ வெண்மணல் வெளிக்கோ பொருந்தலாம். தரைவீட்டு ஓட்டுக்கூரையில் ஒரு சாண் உயரத்தில் பதித்தால் தகட்டின் அடியில் இருட்டுதான். இருட்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? வெள்ளைச் சாயம் பூசிய மொட்டை மாடியில், இடைவெளி விட்டு, உயரமாக நிறுத்தினால் கதை வேறு. ஆனால் இடத்திற்குத் தவிக்கும் சிங்கப்பூரில் தகடுகளை நெருக்கி அடுக்குவதே வழக்கம்.

தெங்கே நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் அங்கு செம்ப்கார்ப் நிறுவனத்தின் 60 மெகாவாட் மிதக்கும் சூரியப் பண்ணை திறக்கப்பட்டது. 45 ஹெக்டர் பரப்பில் 1,22,000 தகடுகள். இரட்டைக் கண்ணாடித் தகடுகளையே அங்கு தேர்ந்தெடுத்தார்கள். காரணம் ஈரத்தைத் தாங்கும் உழைப்பு. உச்சிவெயிலில் நீர் ஒளியை விழுங்கிவிடும், திருப்பி அனுப்புவது மிகக் குறைவு. ஆகவே பின்பக்க ஒளியை நம்பி அங்கு பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

நீர் தரும் லாபம் குளிர்ச்சி. ஒவ்வொரு பாகை வெப்பம் ஏறும்போதும் சிலிக்கன் தகட்டின் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். அதே நீர்த்தேக்கத்தில் 2016ல் தொடங்கிய சோதனையில், மிதக்கும் தகடுகள் கூரைத் தகடுகளைவிட 5 முதல் 15 விழுக்காடு கூடுதலாக உற்பத்தி செய்தன.

வீட்டுக்கு வாங்குவோர் விற்பனையாளரிடம் இரண்டைக் கேட்கலாம்: என் கூரையில் பின்பக்கத்திற்கு எவ்வளவு ஒளி வரும்? அந்தக் கணக்கை எழுதித் தருவீர்களா?